மேசை சின்னது, பீரோவைக் காலி செய்தேன்

செப்டம்பர் 3, புதன்

காலையில் குழாய் ரிப்பேர். ஒரு வாஷர் மாற்றியதற்குத் தங்கச்சி வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, "இன்ஜினியர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்றார். கேலிதான். ஆனாலும் அந்த வார்த்தை ஒருவர் வாயிலிருந்து வந்தது வந்ததுதான். எழுதி வைக்கிறேன்.

மதியம் முன்னறையில் ஒரே கூச்சல். தங்கச்சியின் எம்பிராய்டரி மிஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் மறுபடியும் பாதியில் உறைந்துவிட்டது. ஊசி துணிக்குள் இறங்கினது இறங்கினபடி. நூல் கீழே கூடு கட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து யாரோ கழித்துக் கட்டினதை அவள் வாங்கி இத்தனை வருஷமாக ஓட்டுகிறாள். பெட்டி முதலில் வெள்ளையாம். இப்போது காபி கொட்டின துண்டு மாதிரி. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப் போட்டுத் திரும்பி வந்தால்தான் அது கண் திறக்கும்.

"உயிர் போயிட்டுப் போயிட்டு வருதுண்ணே இதுக்கு" என்றாள்.

"உள்ள இருக்கிற சிஸ்டம் கிழடு. அதைத் தூக்கிட்டுப் புதுசு போட்டா பறக்கும். நான் எத்தனை போட்டிருக்கேன்!"

எத்தனை போட்டிருக்கிறேன்? கிடங்கில் வேலை பார்த்தபோது ஆபீஸ் ரூமுக்கு ஒருவன் வந்து போட்டான். நான் பக்கத்தில் நின்று ஸ்குரூக்களைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்குரூகூடத் தொலையவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும். செய்பவன் குனிந்தல்லவா இருக்கிறான்?

தங்கச்சிக்கு அரை மனசு. பஸ் கம்பெனிக்காரர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து புதுச் சட்டைக்கு மாறுகிறார்கள். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் சட்டைப்பையில் இறக்கை வைத்த சக்கரம், வருஷா வருஷம் தங்கச்சி போட்டுக் கொடுப்பது. யூனிஃபார்ம் தையல்காரர் வெட்டின பாக்கெட் துணிகளை மூட்டையாகக் கட்டி வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். இவள் சக்கரம் போட்டுக் கொடுத்தால்தான் அவர் சட்டையில் வைத்துத் தைக்க முடியும். இருபத்தைந்துக்குள் வேண்டும், இல்லையென்றால் மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொல்பவர்கள்தான் செய்வார்கள். இந்த வேலை கையை விட்டுப் போனால் வருஷத்தில் பாதி மிஷின் சும்மாதான் நிற்கும்.

"அதனாலதான் சொல்றேன். இப்பவே போட்டுட்டா, அப்புறம் கடகடன்னு ஓடும்ல?" என்றேன்.

"சரிண்ணே. பாத்துப் பண்ணு."

செப்டம்பர் 4, வியாழன்

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு மூக்குக் கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும், அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'. தெரு முழுக்க என்னை மாமா என்பதுபோல அவரும் மாமா என்பார், வயசு என்னவோ எனக்குச் சமம்.

"புது சிஸ்டம் டிஸ்க் மட்டும் குடுங்க. மத்தது நான் பாத்துக்குவேன். ஒரு காலத்துல ஒரு பேங்க் முழுக்க நான்தான் போட்டேன்" என்றேன்.

"எந்த பேங்க் மாமா?"

"அது இப்ப இல்ல."

"சிஸ்டம் போட்டதுக்கப்புறமா மூடினாங்க?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

"ராம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"தாராளமா இருக்கு."

கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் டிஸ்கைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம், "கடைக்காரர் என்கிட்ட ரெண்டு சந்தேகம் கேட்டுக்கிட்டாரு" என்றேன். ஒரு சந்தேகம்தான் கேட்டார். இன்னொன்று சும்மா துணைக்கு.

செப்டம்பர் 5, வெள்ளி

தங்கச்சி பின்னறையில் பாக்கெட் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு பேக்கரியில் விடியற்கால அடுப்பு வேலை, அதனால் பகலெல்லாம் தூக்கம். வேலைக்கு ஏற்ற அமைதி. டிஸ்கைப் போட்டேன்.

சக்கரம் ஒன்று திரையில் சுற்றியது. பிறகு ஒரு பெட்டி. இங்கிலீஷ். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது — நான் அதை விட்டேன் என்று வெளியே சொல்வது — ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். மெமரி போதாது என்கிறது.

போதாது என்றால் என்ன அர்த்தம்? கிடங்கில் லாரி வந்து நிற்கிறது, உள்ளே இடமில்லை. பழைய சரக்கை வெளியேற்று, புதுசை இறக்கு. இதைத்தானே வருஷக்கணக்காகச் செய்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் வரிசை வரிசையாக மஞ்சள் பைப் படங்கள், அடியில் பெயர். சக்கரம், மீன், கதிர், குடை, இன்னும் என்னென்னவோ. எல்லாம் வருஷக்கணக்கில் சேர்ந்தவை. ஒவ்வொன்றையும் தட்டினால் திறக்க மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் புரியாத எழுத்து. பழைய சாமான் என்று முடிவு செய்தேன்.

கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டால் எதையும் எடுக்கவிட மாட்டாள். அறுந்த நூலைக்கூட டப்பாவில் போட்டு வைப்பவள் அவள். கேட்கவில்லை.

அழித்தேன். மறுபடி டிஸ்க். மெமரி போதாது.

இன்னும் அழித்தேன். போதாது.

கடைசியில் டிஸ்கிலிருந்தே கிளப்பினேன். அது ஒரு கேள்வி கேட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவா என்கிற மாதிரி. இப்போதுதான் வழிக்கு வருகிறது என்று நினைத்து ஆமாம் என்றேன். நீலக் கோடு ஒன்று மெதுவாக நீண்டது. பாதிகூடப் போகவில்லை. நின்றது. மெமரி போதாது.

சுத்தமாகப் பெருக்கித் துடைத்துக் காலியாகக் கிடக்கிற கிடங்கு. இன்னும் இடமில்லை என்றால் என்ன நியாயம்?

செப்டம்பர் 6, சனி

கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று. வேறொன்றும் இல்லை.

"ஆச்சாண்ணே?"

"ஆயிட்டே இருக்கு."

மாப்பிள்ளை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், உங்களப் பாத்துக் கண்ணடிக்குது?"

"உள்ள வேலை நடக்குது மாப்பிள்ளை. வெளிய தெரியாது."

"எனக்கும் அடுப்புல அப்படித்தான். ஆனா எனக்கு வாசனையாவது வரும்."

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பழைய சந்தையில் இன்னும் மூன்று டிஸ்குகள் கிடைத்தன. ஒன்று போகாவிட்டால் இன்னொன்று என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் துடைக்கவா என்று கேட்டது. துடை, துடை என்றேன். மூன்றும் பாதியில் மண்டையைப் போட்டன.

தங்கச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கண்ணாடியின் கடை. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"என் சிநேகிதர் ஒருத்தர் வீட்டுல ஒரு சிக்கல்" என்று ஆரம்பித்தேன். கதையைச் சொன்னேன். சிநேகிதரைக் கொஞ்சம் முட்டாளாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன்மேல் எனக்கே கோபம் வந்தது.

கண்ணாடி முழுக்கக் கேட்டார். பிறகு தன் மேசையைத் தட்டினார்.

"மாமா, இதுதான் ராம், மெமரி. நான் வேலை பாக்கிற மேசை. அதோ அந்த பீரோ இருக்கு பாருங்க, அதுதான் ஹார்ட் டிஸ்க். சாமானெல்லாம் அங்க இருக்கும், வேணுங்கிறப்ப எடுத்து இதுமேல வச்சு வேலை பாப்பேன். உங்க சிநேகிதர் வீட்டுல மேசை சின்னது. புது சிஸ்டத்துக்குப் பெரிய மேசை வேணும். அதுக்கு அவர் என்ன பண்ணியிருக்காரு?"

நான் பீரோவைப் பார்த்தேன்.

"பீரோவைக் காலி பண்ணியிருக்காரு" என்றார் அவரே.

மேசைமேல் ஒரு ஈ உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழிச்சது திரும்பக் கிடைக்குமா?"

"அழிச்சதோட விட்டிருந்தா கிடைக்கும். மேல வேற எதையும் எழுதாம இருக்கணும். எழுத எழுத, கீழ இருக்கிறது போயிடும். சிநேகிதர்கிட்ட சொல்லுங்க, தொடவே வேணாம்னு."

நேற்று மூன்று டிஸ்க். துடை, துடை.

புறப்படும்போது ஒரு டிஸ்கை எடுத்துக் கையில் திணித்தார். "தொடாம இருக்க அவரால முடியாதுன்னு நினைச்சா, இதையாவது போடச் சொல்லுங்க. இது அரை வயித்துலயே ஓடும். ஆனா போட்டா பழசை மறந்துட வேண்டியதுதான்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. அதன் பக்கவாட்டில் இறக்கை வைத்த சக்கரம், என் உயரத்துக்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

போட்டேன்! ஏறிவிட்டது! நீலத் திரை, ஓரத்தில் ஒரு பறவைப் படம், கீழே மணி காட்டுகிறது. சுவிட்சைப் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் கண் திறக்கிறது. ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து, "வந்து பாருங்க எல்லாரும்!" என்று கத்திவிட்டேன். மாப்பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தார், எங்கேயோ தீப்பிடித்தது என்று.

தங்கச்சி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸை அங்கே இங்கே நகர்த்தினாள்.

"எம்பிராய்டரி புரோகிராம் எங்கண்ணே?"

"அது... அதை இனிமேதான் ஏத்தணும்."

"என் டிசைன் எல்லாம்?"

"பத்திரமா வேற இடத்துல எடுத்து வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஏன் இப்படி? வாழ்க்கையில் எத்தனை கதை அளந்திருக்கிறேன், ஒன்றுகூட இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

"அப்ப சரி" என்று எழுந்து போனாள்.

செப்டம்பர் 10, புதன்

புரோகிராம் இந்த சிஸ்டத்தில் ஓடாதாம். கண்ணாடி போனில் சொன்னார். அது கிழட்டு சிஸ்டத்துக்கென்றே செய்தது. சிநேகிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சுகமில்லை என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

யூனிஃபார்ம் தையல்காரர் வந்தார். வாய் நிறைய ஊசி. ஊசியோடேயே பேசுவார்.

"எத்தனை பாக்கெட் முடிஞ்சிருக்கு?"

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் நான் நுழைந்தேன். "நாங்க மொத்த டெக்னாலஜியையும் மாத்திக்கிட்டு இருக்கோம். இனிமே ஒரு பாக்கெட் போடுற நேரத்துல நாலு போடலாம்."

"எனக்கு பாக்கெட் போதும்ணே, டெக்னாலஜி உங்க கிட்டயே இருக்கட்டும்."

போகும்போது மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தங்கச்சி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அண்ணே, அந்த டிசைனை எடுத்துக் குடு. பக்கத்துத் தெருவுல ஒருத்தங்க மிஷின் இருக்கு, இந்த ஒரு வேலைய மட்டும் அதுல ஓட்டிக்கிறேன்."

"நாளைக்கு."

செப்டம்பர் 13, சனி

நாளைக்கு என்று சொன்ன நாள் வந்துவிட்டது. பெட்டியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி, "பெரிய இடத்துல காட்டி வேகத்தைக் கூட்டிட்டு வரேன்" என்று கிளம்பினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு பாட்டி, என்ன குழந்தையா, முகம் மூடியிருக்கு என்றாள்.

கண்ணாடி பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி பஞ்சு மாதிரி. தூசிக்குள் நூல், சிவப்பு, நீலம், வெள்ளை, தங்கச்சி வேலை செய்த நூலெல்லாம். மெமரி இருக்கிற ஒரு சின்னப் பச்சைத் தகட்டைத் தொட்டு, "இருநூத்தம்பத்தாறு மெகாபைட்டு. இதுதான் தாராளமா?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். சிநேகிதர் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

ஏதோ ஒன்றை ஓடவிட்டார். திரையில் வரிசையாகப் பெயர்கள் ஏறின. மீன். கதிர். குடை. சக்கரம்! நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூடினார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேர் இருக்கு மாமா. ஆள் இல்ல."

செப்டம்பர் 15, திங்கள்

சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தேன். துணி மடித்தேன். ஜன்னல் துடைத்தேன். "என்ன மச்சான், பொண்ணு பாக்க யாராவது வராங்களா?" என்கிறார் மாப்பிள்ளை.

ஒன்று யோசித்தேன்: திருடன் வந்து கொண்டுபோனான் என்று சொன்னால்? பெட்டி கடையில்தானே இருக்கிறது. கடையில் தீ? கண்ணாடி என்ன பாவம் செய்தார்? இடி? வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நானும் எத்தனை பேருக்கு எத்தனை கதை சொல்லியிருக்கிறேன், எனக்கு ஒன்று தேவைப்படும்போது ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன்.

அவள் போனை எடுத்துத் தையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லண்ணா, டிசைன் பத்திரமா இருக்கு, எங்கண்ணன் எடுத்து வச்சிருக்கு. இருபத்தஞ்சுக்கு மொத்தமும் குடுத்துடுவேன், என் வார்த்தைய நம்புங்க" என்றாள்.

அவளுடைய வார்த்தை. நான் விட்ட வார்த்தையெல்லாம் காற்றோடு போச்சு. அவள் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"சொல்லாத" என்றேன். "சொல்லாதம்மா. வை போனை."

வைத்தாள்.

"இல்ல. எதுவும் இல்ல. நான்தான் அழிச்சேன். இடம் பத்தலன்னு நினைச்சு... பழசுன்னு நினைச்சு... அது வேற இது வேறன்னு எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன படிச்சவனா, மேசைங்கிறான் பீரோங்கிறான்..."

உளறினேன். எழுதக்கூட வரவில்லை அது.

"எல்லாமா?" என்றாள்.

"எல்லாம்."

அவள் கத்தவில்லை. மிஷினில் அடிநூல் சுற்றியிருந்த பாபினைக் கழற்றினாள். நூல் நிறையத்தான் இருந்தது. இருந்தும் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அந்தச் சக்கரம் ஒரு தையல் ஒரு தையலா நான் வச்சதுண்ணே. இறக்கை மேல வெளிச்சம் விழுந்தா மினுங்கணும்னு ஒவ்வொரு சிறகுக்கும் நூல் எந்தப் பக்கம் சாயணும்னு வச்சேன். புள்ள வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சேன். புள்ள இல்லன்னு ஆனப்புறம் முடிச்சேன்."

எனக்கு அது தெரியாது. அந்த வருஷம் நான் இந்த வீட்டில் இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் பின்னாடி ரூம்லதான இருந்தேன். அங்கதான இருந்தேன்!"

இப்போதுதான் குரல் உயர்ந்தது. மாப்பிள்ளை எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேலி இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பேசவில்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். என் பக்கம் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கண்ணாடி செத்துப்போன ஒரு மிஷினிலிருந்து மெமரித் தகடு ஒன்று பிடுங்கி வைத்திருந்தார். அதையும் போட்டு, பழைய கிழட்டு சிஸ்டத்தையே மறுபடி ஏற்றிக் கொடுத்தார். "இதுக்கு மேல இந்தப் பெட்டி தாங்காது. ஆனா இதை நல்லாத் தாங்கும்" என்றார்.

புரோகிராம் டிஸ்க்? தங்கச்சி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். என் கையில் தரவில்லை.

ஓடுகிறது. மிஷின் கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்கிறது. ஊசி ஏறி இறங்குகிறது. மூன்றாம் தேதி எங்கே இருந்தோமோ அங்கேயே வந்து சேர்ந்தாயிற்று. அங்கே இருந்தவை மட்டும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

அவள் நினைவிலிருந்து சக்கரத்தை வரைந்து பார்க்கிறாள். போட்டுப் பார்க்கிறாள், பிரிக்கிறாள். குப்பைக் கூடையில் சக்கரங்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. சொல்ல நினைத்தேன், "நல்லாத்தான இருக்கு" என்று. வாயை மூடிக்கொண்டேன்.

முன்பு போட்டதில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாம் யாரோ நெஞ்சில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

யாரோ நெஞ்சில்!

செப்டம்பர் 22, திங்கள்

காலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஏறினேன். முதல் கண்டக்டர் சட்டையில் சக்கரம் பாதி நைந்துபோயிருந்தது. அடுத்தவர் அதன்மேல் பேனா மை கொட்டியிருந்தார். மூன்றாவது பஸ்ஸில் ஒரு கண்டக்டர், தடித்த ஆள், சட்டை புத்தம் புதிதுபோல. நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னய்யா, என் நெஞ்சையே பாக்குற?"

"இந்தச் சக்கரம் என் தங்கச்சி போட்டது."

"அதுக்கு? டிக்கெட் எடுத்தியா முதல்ல?"

எடுத்தேன். அப்புறம் சொன்னேன். என்னென்னவோ சொல்லியிருக்கலாம், கம்பெனி இன்ஸ்பெக்டர், சட்டை சோதனை என்று நாக்கின் நுனியில் வந்தது. ஆனால் நடந்ததைத்தான் சொன்னேன், மேசை பீரோ உட்பட. பின்சீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி 'ஐயோ' என்றாள்.

கண்டக்டர் யோசித்தார். "மதியம் ஒரு மணி நேரம் எனக்கு ஓய்வு. ஆனா சட்டையக் கழட்டிக் குடுக்க மாட்டேன். சட்டை போற இடத்துக்கு நானும் வருவேன். அடுத்த ட்ரிப்புக்கு இதத்தான் போடணும்."

கூட்டி வந்தேன். தங்கச்சி வாசலில் நின்று அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சட்டைய வாங்கிட்டு வான்னா யாராவது ஆளையே கூட்டிட்டு வருவாங்களா?"

வாங்கி வரச் சொல்லி அவள் சொல்லவே இல்லை. ஆனால் ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் திருத்தவில்லை.

கண்டக்டர் பனியனோடு முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் வயிற்றையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்து மாப்பிள்ளை, "நம்ம பேக்கரிக்கு வாங்க, மாவு பிசைய ஆள் தேவை" என்றார். தங்கச்சி சட்டைப்பையின் வாயைப் பிளந்து உள்பக்கத்தைப் பார்த்தாள். உள்பக்கத்தில்தான் எல்லாம் தெரியுமாம்: நூல் எங்கே ஆரம்பித்தது, எங்கே தாவியது, எது முதலில், எது பிறகு. நான் டார்ச் அடித்தேன். அவள் பார்த்துப் பார்த்துத் தாளில் அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

"இந்தச் சிறகு இப்படியா போட்டேன்" என்றாள், தனக்குள்.

அந்த ஒரு சிறகில் மட்டும் நூல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. தப்பாக விழுந்ததா, வேண்டுமென்று வைத்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தையல்காரர் வந்தார். பாதிதான் முடிந்திருந்தது. எண்ணிப் பார்த்தார், வெளிச்சத்தில் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தார், வாயிலிருந்த ஊசியை எடுத்தார்.

"வேலை நல்லா இருக்கும்மா. ஆனா ஒண்ணாம் தேதி எனக்காக நிக்காது."

மீதித் துணியை மூட்டை கட்டிப் பெரிய கடைக்கு எடுத்துப் போனார். தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. நான்தான் தூக்கிவிட்டேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பஸ்களில் இப்போது இரண்டு வகைச் சக்கரம் சுற்றுகிறது. பெரிய கடையில் போட்டது தட்டையாக, சாயம் அடித்த மாதிரி. தங்கச்சி போட்டது கண்டக்டர் திரும்பும்போது மினுங்கும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் சொல்வதில்லை. சொன்னேன், இரண்டு மூன்று பேரிடம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மீன் முடிந்தது. கதிர் நடக்கிறது. குடை எப்படி இருந்தது என்று அவளுக்கே சரியாக நினைவில்லையாம். எடுத்துக் காட்ட யார் சட்டையும் இல்லை. விட்டுவிட்டாள்.

ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு பென்டிரைவில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுக்கிறாள். அவர் அதை பேக்கரியில் எங்கேயோ வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்டேன். "மாவு மூட்டைக்குள்ள" என்றார். கேலியா நிஜமா தெரியவில்லை.

மதியம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போட்டு முடித்த துணிகளில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது என் வேலை. அடியில் வெட்டக் கூடாது, பிரிந்துவிடும். கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். இதுவரை ஒன்றுகூடப் பிரியவில்லை. சரி, இரண்டு பிரிந்தன.

கம்ப்யூட்டரைத் திறந்தால் இப்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது. கண்ணாடியைக் கூப்பிட்டு அவள் போடச் சொன்னது. தெருவில் கேட்டவர்களிடம், வீட்டுப் பாதுகாப்புக்காக அதைப் போட்டதே நான்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் அதைத் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். திரும்பு என்று அவள் சொன்னதில்லை.